நின்றுபோன மழை எச்சரிக்கைக் குழுவை மறுபடி எழுப்புவது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குழு ஒரு வாய்ஸ் மெசேஜால் நின்றது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, வியாசர்பாடியில் நாங்கள் நாலு பேர் அறுபது நம்பர்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். ஏழு வருஷம் ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, கரண்ட் இல்லாத இரண்டாவது ராத்திரி, 'புழல் ஏரி உடைஞ்சிடுச்சு, எல்லாரும் மேல போங்க' என்று யாரோ மூச்சிரைக்கப் பேசிய பதிவை உறுப்பினர் ஒருவர் குழுவில் போட்டுவிட்டார். நாங்கள் பார்த்து நீக்குவதற்குள் நாற்பது நிமிஷம். அதற்குள் முழங்கால் தண்ணீரில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்துக்கு நடந்தவர்கள் இருக்கிறார்கள். ஏரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எங்களை யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. குழுவை மூடிவிட்டோம்.

2025 ஆகஸ்ட் 30 இரவு மணலி, விம்கோ நகர் பக்கம் கொட்டித் தீர்த்தது. மணலியில் மட்டும் 27 செ.மீ. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. யாரும் அன்றைக்கு அப்படி ஒரு மழையை எதிர்பார்க்கவில்லை. எர்ணாவூரில் இருக்கும் என் தங்கை மறுநாள் போனில், 'உன் குரூப் இருந்திருந்தா யாராவது ராத்திரியே சொல்லியிருப்பாங்கல்ல?' என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் மறுபடி தொடங்கினோம்.

இதே மாதிரி நின்றுபோன குழு உங்கள் பகுதியிலும் இருக்கலாம். அதை எழுப்ப நினைக்கும் புதியவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் மழையைக் கணிப்பவர்கள் இல்லை. கணிக்க நுங்கம்பாக்கத்தில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்வதை நம் தெருவுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதுதான் நம் வேலை. இந்தக் கோட்டைத் தாண்டினால் குழு சீக்கிரம் நின்றுவிடும்.

பழைய நம்பர் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்

முதல் வேலை இதுதான், சலிப்பான வேலையும் இதுதான். பழைய பட்டியலில் இருப்பவர்களை அப்படியே புதுக் குழுவில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு நம்பருக்கும் போன் போடுங்கள். நாங்கள் போட்டபோது சில நம்பர்கள் வேறு ஆட்களிடம் போயிருந்தன. கால்வாய் ஓரத்தில் இருந்த சில குடும்பங்கள் நகரத்தின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்டிருந்தன. அவர்களுக்கு வியாசர்பாடி மழை எதற்கு?

பேசும்போது மூன்று கேள்வி போதும். வீடு தரைத்தளமா? படுத்த படுக்கையாகவோ, கர்ப்பமாகவோ, ஆக்சிஜன் மிஷின் வைத்தோ யாராவது இருக்கிறார்களா? வீட்டில் மெசேஜ் படிக்கத் தெரிந்தவர் யார்? மூன்றாவது கேள்வியை நாங்கள் முதல் ஏழு வருஷம் கேட்கவே இல்லை. பல வீடுகளில் போன் அம்மாவிடம் இருக்கும், படிப்பது ஸ்கூலுக்குப் போகும் பையன். காலை பத்து மணி எச்சரிக்கை சாயந்திரம் நாலரைக்குத்தான் படிக்கப்பட்டிருக்கிறது.

இந்த விவரங்களைக் குழுவில் போடாதீர்கள். ஒரு நோட்டில் எழுதி ஒரே ஆள் வைத்துக்கொள்ளட்டும். யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது தெருவுக்கே தெரிய வேண்டியதில்லை.

எந்தத் தண்ணீர் உங்கள் தண்ணீர்?

வடசென்னை என்று ஒரே பேராகச் சொன்னாலும் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வழியாக வருவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் எச்சரிக்கை அனுப்பினால் பாதி செய்தி வீண்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம், கொருக்குப்பேட்டை பக்கம் பிரச்சினை மேலிருந்து விழும் மழைதான். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் இவையெல்லாம் நிரம்பி, தெரு மழைநீர் போக வழியில்லாமல் நிற்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை இதற்குப் பேர் போனது. இங்கே ஒரு மணி நேர மழையே போதும்.

மணலி புதுநகர், சடையான்குப்பம், இடையான்சாவடி, வெள்ளிவாயல் கதையே வேறு. அங்கே வெயில் அடிக்கும்போதுகூட வெள்ளம் வரலாம். பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி இந்தப் பகுதிகளைத் தொட்டுக்கொண்டுதான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. புழல் ஏரியின் உபரிநீர் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் வழியாகக் கடலுக்குப் போகும். புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, முழு உயரம் 21.20 அடி. 'ஏரி திறப்பு' என்ற செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஏரி, எந்த வழி என்பதுதான். அன்றைக்கு அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டு மேம்பாலத்துக்கு ஓடிய எங்கள் தெரு, புழலில் திறந்துவிடும் தண்ணீர் போகும் வழியிலேயே இல்லை. இதை ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் மக்களுக்குச் சொன்னதில்லை. வதந்தி பரவியதற்கு எங்கள் பங்கு அதுதான்.

காசிமேடு, திருவொற்றியூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் போன்ற கடலோரத்துக்குக் காற்றும் அலையும்தான் முக்கியம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பேசுகிறவர்களிடம் போய் நாம் வானிலைப் பாடம் நடத்தத் தேவையில்லை. அவர்களுக்குத் தேவை அதிகாரபூர்வ மீனவர் எச்சரிக்கை, அதுவும் விடியலுக்கு முன்னால் படகு கிளம்பும் நேரத்துக்கு முன்பு. பேரலை, கடல் சீற்றம் பற்றிய அறிவிப்பை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் தருகிறது.

இன்னொரு விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். அந்த நேரத்தில் கனமழை பெய்தால் முகத்துவாரத்தில் தண்ணீர் வடிய முடியாமல் பின்வாங்கும். நாட்காட்டியைச் சுவரில் மாட்டும்போதே அந்த நாட்களைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டுவிடுங்கள்.

எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது

வானிலை மையம் நிறம் சொல்லும். பச்சை என்றால் ஒன்றுமில்லை, மஞ்சள் கவனி, ஆரஞ்சு தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. அளவுச் சொற்களும் கறாரானவை. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 'நாளைக்குப் பேய் மழை' என்று எழுதுவதைவிட 'மிக கனமழை, அதாவது 12 முதல் 20 செ.மீ.' என்று எழுதுவது நல்லது.

இங்கே எல்லாப் புதியவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. எச்சரிக்கை மாவட்டவாரியாக வருகிறது. 2018இல் சென்னை மாவட்டம் விரிவான பிறகு மணலியும் திருவொற்றியூரும் சென்னைக்குள் வந்துவிட்டன. ஆனால் மீஞ்சூர், அத்திப்பட்டு, பழவேற்காடு எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். பூண்டியும் அங்கேதான். அதனால் எண்ணூர், மணலி பக்கம் குழு நடத்துகிறவர்கள் இரண்டு மாவட்ட எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். சென்னை மஞ்சளில் இருந்து திருவள்ளூர் சிவப்பில் இருந்தால் உங்களுக்கு அது மஞ்சள் நாள் இல்லை.

அடுத்த மூன்று மணி நேரத்துக்கான குறுகிய கால எச்சரிக்கை தனியாக வரும். நமக்கு அதுதான் சோறு போடும் தகவல். அதோடு மழை மேகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் சென்னை டாப்ளர் ரேடார் படம். படத்தைத் திறந்ததும் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, நேரத்தை. அரை மணி பழைய படத்தை வைத்துக்கொண்டு அலறியவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். செயற்கைக்கோள் படங்களில் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரம் போட்டிருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே 12 என்றால் நமக்கு மாலை 5.30.

ரேடாரை ஒரு படமாகப் பார்க்காமல் அடுத்தடுத்து நாலைந்து படங்களாகப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். திருத்தணி, திருவள்ளூர் பக்கம் திரண்டு கிழக்கே நகரும். ஒரு மணி நேரமாவது கையில் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் கடலிலிருந்து ஏறும். கரைக்குப் பக்கத்திலேயே உருவாகி இருபது நிமிஷத்தில் தலைக்கு மேல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நம்மால் தர முடிகிற அவகாசம் குறைவு என்பதை மக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புயல் வந்தால் துறைமுகக் கூண்டு எண்ணைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1, 2 என்றால் தூரத்துக் கடலில் ஏதோ இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பில்லை. 3, 4 உள்ளூர் முன்னெச்சரிக்கை. 5 முதல் 7 அபாயம், 8 முதல் 10 பெரிய அபாயம். 11ஐப் பார்த்துப் புயலின் உச்சம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அது எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான குறி. எங்கள் குழுவிலும் யாரிடமிருந்தும் தகவல் வராத நேரத்தை 'பதினொண்ணாம் கூண்டு' என்றுதான் சொல்கிறோம்.

டி.என். அலர்ட், சசேத், மின்னலுக்குத் தாமினி ஆகிய மூன்று அரசு எச்சரிக்கைச் செயலிகளையும் போனில் ஏற்றிவிடுங்கள். அவை வந்த பிறகு நம் குழு எதற்கு என்று கேட்பவர்களிடம் சண்டை போடாதீர்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. செயலி மாவட்டத்துக்குச் சொல்லும். எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்று அதற்குத் தெரியாது.

மொட்டை மாடியில் ஒரு டப்பா

காசு போட்டு மழைமானி வாங்க முடியாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா வேண்டும். ஊறுகாய் டப்பா நன்றாக ஒத்துவரும். அடி மேடுபள்ளமாக இருந்தால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீர் மட்டத்தைச் சுழியம் என்று மார்க்கரால் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து மேலே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டுங்கள். ஸ்கேலில் 10 மி.மீ. ஏறினால் 10 மி.மீ. மழை, அவ்வளவுதான். வாய் எவ்வளவு அகலம் என்பது முக்கியமில்லை. சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடத்தில், காற்றுக்குக் கவிழாமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். எங்கள் டப்பாவில் ஒரு முறை காலை அளவு சுத்தமாகக் குறைந்திருந்தது. காக்கா குடித்துவிட்டுப் போனதை எதிர்வீட்டுப் பாட்டி பார்த்திருக்கிறார். மேலே அகலக் கண் வலை கட்டிவிட்டோம்.

வானிலை மையம் காலை 8.30 மணிக்கு 24 மணி நேரக் கணக்கை முடிக்கும். நீங்களும் அதே நேரத்துக்கு அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

கால்வாய்க்கும் ஒரு அளவுகோல் வேண்டும். கால்வாய்ச் சுவரில், மண்ணெண்ணெய்க் கடைக்காரர் சொன்ன இடத்தில் நாங்கள் மூன்று கோடு போட்டோம். கீழ்க்கோடு வரை வந்தால் பேச்சு இல்லை. நடுக்கோடு தொட்டால் தரைத்தள வீடுகளுக்குச் செய்தி. மேல்கோடு வந்தால் தெருவுக்குள் ஏற அரை மணிதான். அந்த அரை மணி கணக்கு எங்கிருந்தும் படித்ததில்லை. அவர் இருபது வருஷமாகக் கடை ஷட்டரைத் தூக்கி வைத்துப் பார்த்த கணக்கு. உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள்.

செய்தி எழுதுவது

எங்கள் தெருவில் இட்லிக் கடை போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். பழைய குழு நடந்த நாட்களில் நான் அனுப்பிய நீளமான மெசேஜ்களுக்கெல்லாம் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். 'தம்பி, வருமா வராதா அத்த சொல்லு. மாவு ஆட்டணும்.' காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எங்கே மையம் கொண்டிருக்கிறது என்பது அவருக்கு வேண்டாம். இப்போது எதை எழுதினாலும் அக்கா முகத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் செய்தி இப்படி இருக்கும்:

'வியாசர்பாடி. இரவு 9.40. வானிலை மையம்: சென்னையில் இரவு 12.40 வரை இடியோடு பலத்த மழை வரலாம். கால்வாய் இப்போது கீழ்க்கோட்டில் இருக்கிறது. சுரங்கப்பாதைப் பக்கம் வண்டி எடுக்க வேண்டாம். தரைத்தள வீடுகளில் அரிசி, ரேஷன் கார்டு, சர்ட்டிபிகேட் மேலே ஏற்றவும். அடுத்த செய்தி 11 மணிக்கு.'

இடம், நேரம், யார் சொன்னது, எதுவரை, என்ன செய்ய வேண்டும், அடுத்து எப்போது. இந்த ஆறும் இல்லாமல் ஒரு செய்தியும் போகக்கூடாது. 'அடுத்த செய்தி 11 மணிக்கு' என்று போட்டுவிட்டால் பதினொரு மணிக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் 'மாற்றம் இல்லை' என்று சொல்லியே ஆக வேண்டும். மழை ஓய்ந்ததும் 'இன்றைய எச்சரிக்கை முடிந்தது' என்று ஒரு வரி. இது இல்லாவிட்டால் பாட்டிகள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.

படிக்காதவர்களுக்கு இதையே முப்பது நொடி வாய்ஸாக அனுப்புங்கள். தேதி, மணி, உங்கள் பெயர் மூன்றையும் பேச்சின் முதல் வார்த்தைகளாக வையுங்கள். அந்தப் பதிவு அடுத்த வருஷம் வேறெங்கோ சுற்றினாலும், கேட்ட மாத்திரத்தில் பழையது என்று தெரிந்துவிடும். ஆச்சரியக்குறி, சிவப்பு விளக்குப் படம், 'அதிர்ச்சி' எதுவும் வேண்டாம்.

எதில் அனுப்புவது

வாட்ஸ்அப் குழு என்றால் அட்மின் மட்டும் போடும்படி பூட்டுங்கள். எங்களை மூட வைத்தது அந்தப் பூட்டு இல்லாததுதான். சேனலாக வைத்தால் உறுப்பினர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது, பெண்கள் தயங்காமல் சேருகிறார்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட்டை நம்பாதீர்கள். அதில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப டி.எல்.டி. எனும் தொலைத்தொடர்பு நிறுவனத் தளத்தில் பதிவு, வாசகங்களுக்கு முன் அனுமதி எல்லாம் தேவை. சின்னக் குழுவுக்கு அது பெரிய சுமை.

டவர் படுத்துவிட்டால்? வர்தாவிலும் மிக்ஜாமிலும் படுத்தது. அதற்கு ஆள்தான் வழி. சாயந்திரம் மைதானத்தில் ஃபுட்பால் ஆடும் பசங்கள் ஆறு பேரைப் பேசி வைத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு தெரு, அந்தத் தெருவில் நோட்டில் குறித்த வீடுகளின் கதவைத் தட்டுவது மட்டும் வேலை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் அவர்கள் வெளியே போகக்கூடாது, இதில் பேரம் கிடையாது. பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் மைக்கைப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். மழை நேரத்தில் போய்க் கேட்டால் சாவி யாரிடம் என்று தேடவே நேரம் போகும்.

இரண்டு பேர் விதி

எந்தச் செய்தியும் ஒருவர் எழுதி இன்னொருவர் 'சரி' சொன்ன பிறகுதான் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் இதே விதிதான். அதனால் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். ஒரே ஆள் எல்லா ராத்திரியும் விழித்திருந்தால் நவம்பர் கடைசியில் தப்பு வரும்.

ஏரி, அணை, உயிர்ச்சேதம் பற்றிய எதையும் மாவட்ட நிர்வாகமோ நீர்வளத் துறையோ சொல்லாமல் அனுப்பாதீர்கள். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. சந்தேகம் வந்தால் 1077க்கோ 1070க்கோ போன் போட்டுக் கேளுங்கள். தெருவில் தண்ணீர் தேங்கினால் மாநகராட்சி 1913. இந்த எண்களை ஒவ்வொரு எச்சரிக்கையிலும் ஒட்டாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். அட்டையில் அச்சடித்துச் சமையலறைக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

கவுன்சிலர், வார்டு பொறியாளர், காவல் நிலையம் மூன்று பேரிடமும் குழு இருப்பதைச் சொல்லிவிடுவது நல்லது. கவுன்சிலர் தரப்பில் கட்சி போஸ்டரைக் குழுவில் போடச் சொல்வார்கள். முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இல்லை.

திறப்பு நாள்

செப்டம்பர் கடைசிக்குள் தொடங்கிவிடுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் ஒத்திகைக்கு இடமில்லை. முதல் செய்தியில் ஏன் நின்றோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் எழுதியது: '2023 டிசம்பரில் ஏரி உடைந்ததாக ஒரு பொய்ச் செய்தி எங்கள் குழு வழியாகப் பரவியது. தப்பு எங்களுடையது. இனி இரண்டு பேர் பார்க்காமல் எதுவும் வராது.' இதைப் போட வேண்டாம் என்று எங்களில் ஒருவர் கடைசிவரை சொன்னார். போட்ட பிறகு அன்று ராத்திரி மேம்பாலத்துக்கு நடந்த குடும்பங்களில் இரண்டு திரும்பச் சேர்ந்தன.

அந்த வாரமே ஒரு ஒத்திகை. 'இது சோதனை' என்று மூன்று தடவை எழுதி, கிடைத்தவர்கள் வீட்டு எண்ணை மட்டும் பதிலாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் யாரிடமிருந்து பதில் இல்லையோ அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். பாதி வீடுகளில் போன் சைலன்ட்டில் இருக்கும். எச்சரிக்கைக்குத் தனி ரிங்டோன் வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதற்கு இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நோட்டில் நாலு வரி: வானிலை மையம் என்ன சொன்னது, நாம் எப்போது அனுப்பினோம், டப்பாவில் எவ்வளவு, கால்வாய் எந்தக் கோடு. பொய்த்துப்போன நாட்களையும் எழுதுங்கள். போன அக்டோபரில் ஒரு ஆரஞ்சு நாளில் எங்கள் டப்பாவில் 4 மி.மீ. அக்கா அன்றைக்கு மாவைப் பாதியாகக் குறைத்திருந்தார். மறுநாள் காலை 'நேற்றைய எச்சரிக்கை நம் பகுதியில் பொய்த்தது, 4 மி.மீ. மட்டும்' என்று அனுப்பினோம். அக்காவிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது, அது நக்கலா என்று இன்னும் தெரியவில்லை.

அளந்து எழுதியதும் டப்பாவைச் சுழியக் கோடு வரை கொட்டிவிட்டு வையுங்கள். நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.